விறகாகப் போக இருந்த மாமரம்... கிண்ணமாகத் திரும்பி வந்த கதை!

போன வருடம் ஐப்பசி மழையில் ஆயா வீட்டு மாமரம் சாய்ந்துவிட்டது. காரிமங்கலம் பக்கம்தான் எங்கள் ஊர். மரம் தாத்தா வைத்தது, செந்தூரா. தாத்தா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மரம் மட்டும் வருடம் தவறாமல் காய்த்துக்கொண்டு, அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்பதுபோல நின்றது.

ஏற்றிப்போக வந்த வியாபாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாமரம் எதுக்கும் ஆகாதுங்க. செங்கச் சூளைக்குத்தான் போவும்" என்று ஒரு விலை சொன்னார். ஆயா பேரமே பேசவில்லை. "அடிக்கட்டையில ஒரு துண்டு மட்டும் விட்டுட்டுப் போப்பா" என்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆயாவிடம் பதில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் துண்டு வாசலில் கிடந்தது. கோழி ஏறி உட்கார்ந்தது, பக்கத்து வீட்டுப் பசங்க ஸ்டம்ப் ஆக்கினார்கள். ஒரு நாள் இரவு தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, இதேபோல கோணல்மாணலான ஒரு கட்டையை மெஷினில் மாட்டிச் சுழல விடுகிறார். உளியை வைத்ததும் பட்டை பறக்கிறது, ரிப்பன் ரிப்பனாகச் சீவல் கொட்டுகிறது. பதினைந்து நிமிடத்தில் உள்ளே இருந்து ஒரு கிண்ணம் வெளியே வருகிறது. வீடியோ முடிந்ததும் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் ஒரு கட்டை கிடக்கிறது!

கீரை கடைவதும் இதுதான்!

ஆங்கிலத்தில் 'உட்டர்னிங்' என்பார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வார்த்தை ஏற்கெனவே இருக்கிறது: கடைசல். மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே சொல் வந்தது சும்மா இல்லை. அந்தக் காலத்தில் தயிர்ப் பானையில் மத்தை நிறுத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்துக் கடைவார்கள் இல்லையா? பழைய கடைசல் பொறியும் அப்படியேதான். மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார், இன்னொருவர் உளி பிடிப்பார். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில், சுமார் 2,300 வருடங்களுக்கு முன்பு செதுக்கிய காட்சி ஒன்றில் இதே மாதிரி இரண்டு பேர் இருக்கிறார்கள். கடைசல் பொறிக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய படங்களில் அது ஒன்று.

தச்சு வேலையில் மரம் சும்மா இருக்கும், உளி நகரும். கடைசலில் தலைகீழ். உளி ஒரு தாங்கியின் மேல் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும், மரம்தான் சுற்றும். அதனால்தான் கடைசலில் வருவதெல்லாம் உருண்டையாக இருக்கிறது: பம்பரம், மத்து, பூரிக்கட்டை, தொட்டில் கால், நடைவண்டிச் சக்கரம், மரச்செப்பு. யோசித்துப் பார்த்தால், 90-களுக்கு முன் பிறந்த எல்லோருடைய குழந்தைப் பருவமும் ஏதோ ஒரு கடைசல் பட்டறையில் இருந்துதான் வந்திருக்கிறது. 'கடைந்தெடுத்த' என்ற அடைமொழியைத்தான் ஏனோ திட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

"காசு குடுத்து வேலை செய்வியா?"

தருமபுரியில் போய் "லேத் பட்டறை எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் இரும்புப் பட்டறைக்குத்தான் வழி காட்டுவார்கள். போர்வெல் பைப்புக்கு மரை போடும் இடம், டிராக்டர் உதிரிபாகம் சரிசெய்யும் இடம். ஐ.டி.ஐ-யில் 'டர்னர்' படித்தவர் என்றாலும் இரும்பு கடைபவர் என்றுதான் அர்த்தம். மூன்று பட்டறை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கட்டில் கடைக்காரர் சொல்லித்தான் அந்தப் பெரியவரைக் கண்டுபிடித்தேன். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்குமே கடைந்த கால்கள், அவைதான் இப்போது அவருக்கு முக்கியமான வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்தபிறகு அதுவும் குறைந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். மரம் கடையக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குக் காசு தருகிறேன், விற்பதற்கு இல்லை, சும்மா ஆசைக்கு. அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார்.

"நான் நாப்பது வருசமா இத விட்டு ஓட வழி தேடிக்கிட்டு இருக்கன். நீ காசு குடுத்து உள்ள வரன்ற?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. பொழுதுபோக்கு என்று நாம் சொல்வது இன்னொருவருக்கு முதுகுவலியும் கூலியும்தான். அதை மறந்துவிட்டு 'மன அமைதி தரும் கலை' என்று எழுதினால் அது பாதி பொய். இந்தக் கட்டுரையை எழுதும்போதெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது மாதிரியே இருக்கிறது.

முதல் ஞாயிறு போனபோது அவர் சொன்ன முதல் பாடம் உளியைப் பற்றி இல்லை. "துப்பட்டாவ அங்க ஆணியில மாட்டிட்டு வாம்மா. வளையல், வாட்ச் எல்லாம் கழட்டு. முடிய நல்லா தூக்கிக் கட்டு." கையுறை போட்டுக்கொள்ளலாமா என்றேன். கூடவே கூடாது என்றார். சுற்றும் மரம் கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் போதும், பின்னாலேயே விரலும் போகும். வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்.

முதலில் கடைந்தது பம்பரம். ஒரு வேப்பங்குச்சித் துண்டு. உளியை நேராக வைத்தேன், 'டக்' என்று ஒரு சத்தம். உளி கையில் இருந்து எகிறியது, மரத்தில் பெரிய பள்ளம். 'கேட்ச்' என்பார்கள் இதை. கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் நடக்கும், எல்லோரும் பயப்படுவார்கள். பெரியவர் என் கையைப் பிடித்து, உளியின் அடிப்பகுதி முதலில் மரத்தில் உரசும்படி வைத்தார். வெட்டு விழவில்லை, வெறும் உரசல்தான். பிறகு பிடியை மெதுவாக மேலே தூக்கச் சொன்னார். தூக்கத் தூக்க ஒரு இடத்தில் கூர்முனை மரத்தைச் சந்தித்தது. சீவல் வர ஆரம்பித்தது. 'உரசு, பிறகு தூக்கு.' அவ்வளவுதான் கடைசலின் அரிச்சுவடி. மீதியெல்லாம் சாணை பிடிப்பதில் இருக்கிறது. மழுங்கிய உளிதான் ஆபத்தான உளி. ஏனென்றால் அதை நாம் அழுத்துவோம்.

மூன்றாவது ஞாயிறு பம்பரம் சுற்றியது. கொஞ்சம் தள்ளாடித்தான் சுற்றியது. அக்கா மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, இதுக்கு சார்ஜ் எங்க போடறது?" என்றான். போகட்டும்.

கட்டை வெடிக்கும் ரகசியம்

பம்பரத்துக்குப் பிறகு ஆயா வீட்டுக் கட்டையை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அங்கேதான் பெரிய தப்பு செய்தேன். கேக் வெட்டுவதுபோல வட்டமாக ஒரு துண்டு போட்டு, அதையே கிண்ணமாகக் கடைய வேண்டும் என்று அடம்பிடித்தேன். வளையங்கள் எல்லாம் முழு வட்டமாகத் தெரியும், அழகாக இருக்கும் என்று ஆசை. பெரியவர் வேண்டாம் என்றார். பிறகு, "பட்டாத்தான் தெரியும்" என்று விட்டுவிட்டார். கடைந்தோம். அழகாகத்தான் இருந்தது. நான்காவது நாள் நடுவில் இருந்து விளிம்பு வரை விரல் போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

காரணம் ரொம்ப எளிது. பச்சை மரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவில் இருந்து பட்டையை நோக்கிய வாக்கில் சுருங்குவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முழு வட்டமாக இருக்கும் துண்டுக்கு அந்த இழுபறியைத் தாங்க வழியில்லை, எங்கேயாவது கிழியத்தான் செய்யும். அதனால் கட்டையை நீளவாக்கில் நடுவாக இரண்டாகப் பிளந்து, மையப்பகுதியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பாதியிலும் ஒரு கிண்ணம் கடைவதுதான் முறை.

இதைவிட முக்கியம், ஒரே தடவையில் கடைந்து முடிக்கக் கூடாது. முதலில் தடிமனாக ஒரு 'கரடு' கிண்ணம். பொதுவான கணக்கு, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் ஒரு அங்குலம். நார் வெட்டுப்பட்டிருக்கும் பக்கங்களில் மெழுகோ பெவிகாலோ தடவி, ஈரம் மெதுவாக வெளியேறும்படி காகிதப் பையில் போட்டு, காற்றாடாத மூலையில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் அவ்வளவுதான். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் கிண்ணத்திலேயே பென்சிலால் குறிக்க வேண்டும். எடை குறைவது நிற்கும்போது மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் அது கொஞ்சம் முட்டை வடிவத்துக்குக் கோணியிருக்கும். அதை மறுபடி மெஷினில் மாட்டி, வட்டமாக்கி, மெல்லியதாகக் கடைந்து முடிப்பார்கள். சில மாதம் பிடிக்கும். ரீல்ஸில் பதினைந்து நிமிடத்தில் முடிவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம்ம ஊரு மரங்கள்

'மாமரம் எதுக்கும் ஆகாது' என்று வியாபாரி சொன்னாரே, அது கதவு ஜன்னலுக்குச் சரி. கடைசலுக்குத் தப்பு. மா இலகுவாகக் கடையவரும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மாங்கட்டையில் கறுப்புக் கோடுகள் ஓடும். வெளிநாட்டில் அந்தக் கோட்டுக்காகவே கட்டையை வேண்டுமென்றே ஊறப்போடுகிறார்கள்.

புளியைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் விழுந்த மரம். கறிக்கடைக் கட்டை ஏன் எப்போதும் புளியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வெட்டு வாங்கி வாங்கியும் சீக்கிரம் சிம்பு சிம்பாகப் பிரியாது. வெளிப்பகுதி வெளிர் மஞ்சள், வயதான மரத்தின் நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு வைரம். உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், ஆனால் பளபளப்பு வந்தால் கல் மாதிரி இருக்கும்.

சீமைக்கருவேலத்தைத்தான் நாம் எல்லோரும் திட்டுகிறோம். அதே இனத்தைச் சேர்ந்த 'மெஸ்கீட்' மரம் அமெரிக்காவின் டெக்சாஸ், அரிசோனா பக்கம் கடைசல்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. காயும்போது ரொம்பக் குறைவாகத்தான் சுருங்கும், அதனால் வெடிப்பும் குறைவு. வேரோடு பிடுங்கிக் கரிமூட்டம் போடுகிற நாம், அதில் பருமனான நாலு கட்டையை ஒதுக்கிவைத்தால் ஒன்றும் குறையாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. சந்தனம், செம்மரம், ஈட்டி பக்கம் ஆசைக்குக்கூடப் போகாதீர்கள். பட்டா நிலத்தில் நிற்கிற மரமாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையும் நம்முடையது இல்லை. இந்த மாவட்டத்தில் மரம் என்ற சொல்லுக்கு ஒரு காயமும் உண்டு. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று போன அரசு ஊழியர்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமையை நாடே அறியும். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு கட்டையைக் கையில் எடுக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது இந்த மண்ணில் வெறும் சம்பிரதாயம் இல்லை. புயலில் விழுந்தது, காய்ப்பு நின்று வெட்டியது, வீடு இடித்தபோது மிஞ்சிய உத்தரம் என்று பொழுதுபோக்குக்கு வேண்டிய மரம் நம்மைச் சுற்றியே நிறையக் கிடக்கிறது.

வெட்பாலையும் அரக்கும்

பெரியவர் ஒரு நாள், "பொம்மை வேலை பாக்கணும்னா சென்னபட்டணா போய்ட்டு வா" என்றார். பெங்களூரில் இருந்து மைசூரு போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. தருமபுரியில் இருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். போய்வந்தேன்.

ஊர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும்! திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்ததில் தொடங்கியது என்று சொல்கிறார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவஸ் மியான் என்பவர் ஜப்பானிய உத்திகளைக் கொண்டுவந்து இந்தத் தொழிலை வளர்த்தார். 2000-களின் நடுவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதெல்லாம் இணையத்தில் தேடினாலே கிடைக்கும். நான் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தது வேறு.

கடைந்து முடித்த பொம்மை மெஷினில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு அக்கா, பென்சில் பிடிப்பதுபோல ஒரு கலர் குச்சியைப் பிடித்து அதன்மேல் அழுத்துகிறார். பெயின்ட் இல்லை, பிரஷ் இல்லை. அந்தக் குச்சி அரக்கு. உரசும் சூட்டிலேயே உருகி மரத்தில் படிகிறது. பிறகு ஒரு காய்ந்த தாழை ஓலையை மடித்து வைத்து அழுத்த, ஒரே விநாடியில் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அரக்கு ஒரு சின்னப் பூச்சி சுரப்பது. இதையே சுத்தம் செய்து எடுப்பதுதான் ஷெல்லாக். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாகப் போடுகிறார்களே, அதே பொருள். அதனால் மஞ்சள், அவுரி மாதிரி இயற்கைச் சாயம் கலந்து செய்த பொம்மையைக் குழந்தை வாயில் வைத்தாலும் பயம் இல்லை. கலர் எதில் செய்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், எல்லாக் கடையிலும் இயற்கைச் சாயம் இருக்காது.

அந்த மரத்தின் பேரைக் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னடத்தில் 'ஆலே மரம்'. தமிழில் வெட்பாலை. சொரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதே வெட்பாலை! ஆந்திராவின் ஏட்டிக்கொப்பாக்கா பொம்மைகளும் இதே மரம்தான். அங்கே இயற்கைச் சாயத்தைத் திரும்பக் கொண்டுவந்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் மரச்செப்புகளும் கடைந்து அரக்குப் பூசியவைதான். நம் பக்கத்துக் காடுகளிலும் நிற்கிற ஒரு மரம், இலைக்கு மட்டும் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது.

குலுக்கலில் ஒரு கிண்ணம்

கடைசலைத் தொழிலாக இல்லாமல் சங்கமாகவே நடத்துகிறார்கள் வெளிநாட்டில். லண்டன் கடைசல்காரர்களின் சங்கத்துக்கு 1604-ல் அரசர் சாசனம் கொடுத்திருக்கிறார். அது தொழில் சங்கம். ஆசைக்குக் கடைபவர்களின் அலை பிறகு வந்தது. 1986-ல் அமெரிக்காவிலும், அடுத்த வருடம் பிரிட்டனிலும் தேசிய அளவில் கடைசல்காரர்கள் சங்கங்கள் தொடங்கின. அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் இன்று 300-க்கும் மேல் உள்ளூர்க் கிளைகள். ஓய்வுபெற்ற வாத்தியார், டாக்டர், டிரக் டிரைவர் எல்லாம் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள்.

அந்தக் கூட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. குலுக்கலில் ஒருவர் கடைந்த பொருளை நீங்கள் வெல்கிறீர்கள் என்றால், அடுத்த மாதம் நீங்கள் கடைந்த ஒன்றைக் கொண்டுவந்து குலுக்கலில் வைக்க வேண்டும். பரிசு வாங்கினால் வீட்டுப்பாடம்! தேசிய மாநாட்டில் ஒரு பெரிய கூடம் முழுக்க மேஜை போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் தன் பொருளைக் கொண்டுவந்து வைக்கலாம். உலகப் புகழ் பெற்றவரின் ஜாடிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் முன்பு ஆரம்பித்தவரின் கோணல் கிண்ணம் இருக்கும்.

இன்னொன்று படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அமெரிக்காவில் கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்கு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பீட்ஸ் ஆஃப் கரேஜ் என்று பெயர். சிகிச்சை நீள நீள மணிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றைப் போட்டுவைக்க மூடியுள்ள மரப்பெட்டிகளைக் கடைசல் கிளப்காரர்கள் கடைந்து இலவசமாக அனுப்புகிறார்கள். யார் கைக்குப் போகிறது என்று கடைபவருக்குத் தெரியாது.

நம் ஊரில் இப்படியொரு கிளப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் மேஜை போட்டு வைத்துப் பார்க்கக் கூப்பிடுவது நமக்குப் புதிதா என்ன? கொலு இருக்கிறதே! கீழ்ப்படியில் மரச்செப்பு வைக்காத கொலு உண்டா? அந்தச் செப்பில் ஒன்று நீங்களே கடைந்தது என்றால் சுண்டலோடு பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும்.

ஆரம்பிக்கப் போகிறீர்களா?

முதல் வேலையாக மெஷின் வாங்காதீர்கள். மேஜை மேல் வைக்கிற சின்ன லேத்தே ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலைக்கு வரும். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கு, உளி செட், சாணைக்கல் எல்லாம் தனி. பக்கத்தில் ஒரு கடைசல் பட்டறை இருந்தால் போய்க் கேளுங்கள். அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். 'சும்மா பாக்கறேன் அண்ணா' என்று போய் அவர் நேரத்தைத் தின்னாதீர்கள். யூடியூபில் கிடைக்காதது உளி பிடிக்கும் கையின் அழுத்தம். அது பக்கத்தில் நின்றால்தான் வரும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு: கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதை நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. கோணலான கட்டை என்றால் இன்னும் குறைவில் ஆரம்பியுங்கள். முகம் முழுக்க மறைக்கும் கவசம் கட்டாயம். கண்ணாடி மட்டும் போதாது, கட்டை பறந்தால் பல்லுக்குத்தான் வரும். உருளைக் கட்டையைச் சீவும் பெரிய 'ரஃபிங்' உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது, பிடிக்குள் போகும் மெல்லிய பகுதி ஒடிந்துவிடும்.

எல்லோரும் அலட்சியப்படுத்துவது தூசியை. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உப்புத்தாள் போடும்போது வரும் மாவு மாதிரியான தூசிதான் மோசம். கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க் வீட்டில் எங்காவது இருக்கும், எடுத்துப் போடுங்கள். பெரியவருக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். நான் போகும் நாளில் மட்டும் போட்டுக்கொள்கிறார்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கித் தடவினாலே போதும், மங்கும்போது மறுபடி தடவிக்கொள்ளலாம்.

ஆயாவின் மாத்திரைக் கிண்ணம்

ஒரு நாள் டீ குடிக்கும்போது பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, உங்க வீட்ல நீங்க கடைஞ்சது என்னென்ன இருக்கு?"

ரொம்ப நேரம் யோசித்தார். "ஒண்ணும் இல்லம்மா. கட்டில் காலுகூட இல்ல. எங்களுது இரும்புக் கட்டிலு."

நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் கடைந்த மனிதர். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் வேறு பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது, என் மாங்கட்டையில் அறுத்துப்போட்ட ஓரத்துண்டில் இருந்து உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு டப்பா கடைந்து வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் 'பொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு கச்சிதம். பேத்தி பிறந்தநாளுக்காம். "கட்டைக்கு எவ்ளோம்மா தரணும்?" என்றார் கேலியாக.

பாதிக் கட்டையில் வந்த முதல் கிண்ணம் ஆடி மாதம் காய்ந்து தயாரானது. எட்டு அங்குலம். உள்ளே ஒரு பக்கமாகக் கறுப்புக் கோடு ஆறு மாதிரி ஓடுகிறது. அடியில் ஒரு சின்ன உளிப்பள்ளம் இருக்கிறது, நான் செய்த தப்பு. பெரியவர் தேய்த்துவிடலாம் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். தேங்காய் எண்ணெயும் மெழுகும் தடவி, ஆயா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். "மரம் வாசனையே போயிடுச்சே" என்றார். பிறகு பூஜை அலமாரியில் வைக்கப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தலையணைக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்த சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டைகள், கண் சொட்டு மருந்து எல்லாவற்றையும் அள்ளி அதில் போட்டார். இப்போது அது ஆயாவின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. மேலே ஒரு பழைய மூக்குக் கண்ணாடியும். அது தாத்தாவுடையது.

இன்னொரு பாதியில் கடைந்த கிண்ணம் கொஞ்சம் தடிமன் அதிகம். இன்னும் காகிதப் பையில் அலமாரிக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. போன ஞாயிறு எடை 615 கிராம். இந்த ஞாயிறு 612.